படம் இருக்கிறது, விவரம் எங்கே?

சென்ற மாதம் திருவண்ணாமலையிலிருந்து நண்பர்கள் ஏழு பேர் வேன் பிடித்து, சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவுக்குப் படம் எடுக்கப் போனோம். மாலைக்குள் என் கேமராவில் மட்டும் 412 படங்கள் சேர்ந்துவிட்டன. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தபோது வெட்கமாகப் போய்விட்டது. பாதிப் படங்களில் இருப்பது எந்த ஊர் வீடு என்று எனக்கே தெரியவில்லை!

மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் நடத்தும் தட்சிணசித்ரா 1996-ல் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வணிகர் வீடு, அக்ரஹாரத்து வீடு, நெசவாளர் வீடு, கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் வீடு எனப் பல வீடுகள் அங்கே உள்ளன. பழைய வீடுகளைத் தூண், கதவு, உத்தரம் என்று பிரித்து எடுத்து வந்து மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். எந்தத் தூண் எங்கே நின்றது என்ற விவரம் இல்லாவிட்டால் அது வெறும் மரக் குவியல்தான். என் 412 படங்களும் இப்போது அப்படித்தான் கிடக்கின்றன.

"கேமராவே எல்லாவற்றையும் பதிவு செய்கிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். படத்துடன் எக்ஸிஃப் என்ற விவரமும் சேர்ந்தே பதிவாகிறது. அதில் தேதி, நேரம் இருக்கும். போனில் லொக்கேஷன் ஆன் செய்திருந்தால் இடமும் இருக்கும். ஆனால் அதைக் கேட்டால் செட்டிநாட்டு வீடும் கேரளத்து வீடும் முட்டுக்காட்டில்தான் இருக்கின்றன என்று சொல்லும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரமும் போய்விடும், படத்தின் தரமும் குறைந்துவிடும்.

இதை நான் பெரிதாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. அங்கே ஒரு திண்ணையைப் பார்த்ததும் பாட்டி வீட்டு ஞாபகம் வந்தது. நான் ஏழாம் வகுப்பு படித்தபோது அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரு காதுகுத்துப் படம் மட்டுமே. அதிலும் உறவினர்கள் எல்லோரும் திண்ணையை மறைத்து நிற்கிறார்கள். தூண்கள் நான்கு என்கிறார் அம்மா. ஆறு என்கிறார் மாமா. இனி யாரிடம் போய்க் கேட்பது?

எனவே என் கருத்து இதுதான். மியூசியத்துக்குத் தாராளமாகப் போங்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் தெருவைப் படம் எடுங்கள். தட்சிணசித்ராவில் உள்ள வீடுகளைக் காப்பாற்ற ஆள் இருக்கிறது. உங்கள் தெருவில் இருக்கும் வீட்டுக்கு நீங்கள்தான் ஆள்.

வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு முகப்பு, திண்ணை, கதவு, முற்றம், கூரை என வரிசையாக எடுங்கள். அளவு தெரிய ஒரு படத்திலாவது ஒருவரை நிறுத்துங்கள். கேமராவில் தேதி சரியாக இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். அன்றிரவே ஊர், தெரு, வீட்டின் வயது, சொன்னவர் பெயர் ஆகியவற்றை யூனிகோட் தமிழில் டைப் செய்து, படங்கள் உள்ள ஃபோல்டரிலேயே சேமியுங்கள். ஒரு காப்பி கம்ப்யூட்டரில், ஒன்று வெளி ஹார்டு டிஸ்க்கில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் இருக்கட்டும்.

இதற்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. கையில் இருக்கும் போனே போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு வீட்டில் தொடங்குங்கள். தூண்களை மறக்காமல் எண்ணி எழுதுங்கள்!