பைலுக்குள் பிள்ளை எங்கே?



போன சனிக்கிழமை சோனகதெருவில் ஒரு வீட்டு விறாந்தையில் நாங்கள் மூன்று ஆசிரியர்கள் கதிரை போட்டு இருந்தோம். நேர்முகப் பரீட்சைக்குப் போகவிருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு ஒத்திகை. ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரும் செய்த முதல் வேலை ஒன்றுதான்: பைலை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தது.

ஒரு தங்கச்சியின் பைலை எடுத்துப் பார்த்தோம். கணினி டிப்ளோமா, ஆங்கில டிப்ளோமா, முதலுதவி, தலைமைத்துவப் பயிற்சி, இரண்டு நாள் உளவளத்துணைப் பட்டறை, ஆறாம் வகுப்பில் மீலாத் பேச்சுப்போட்டியில் எடுத்த மூன்றாமிடம். எல்லாம் பளபளவென்று லெமினேட். கடைசிப் பக்கத்தில் பொன்னாடைப் படம்.

பைலை மூடி வைத்துவிட்டு, "கட்டுறுப்பயில்வில் நீங்கள் படிப்பித்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றோம். அப்போதுதான் அவரது முகம் வெளித்தது. தரம் 3 இல் ஒரு பொடியன், ல, ள, ழ மூன்றையும் ஒன்றாகவே எழுதுவானாம். கண்ணாடியைப் பிடித்து நாக்கு எங்கே போகிறது என்று காட்டியிருக்கிறார். பால் மா பெட்டி அட்டையில் சொற்களை வெட்டி விளையாட்டாக்கியிருக்கிறார். முதலில் செய்த பாடம் சரிவரவில்லை என்று பாடக்குறிப்பையே மாற்றி எழுதியிருக்கிறார். தவணை முடியச் சொல்வதெழுதலில் இருபதுக்குப் பதினாறு.

"அந்தக் கொப்பி எங்கே?"

"வீட்டில கிடக்கு சேர். அது வெறும் கொப்பிதானே."

எங்களுக்குக் கோபம் வந்தது, அந்தப் பிள்ளையில் இல்லை. 'வெறும் கொப்பி' என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். சனி ஞாயிறில் டிப்ளோமா விற்கிறவர்களை வளர்த்துவிட்டதும், சான்றிதழை எண்ணிப் பொன்னாடை போர்த்துகிற கூட்டங்களில் முன்வரிசையில் இருந்ததும் நாங்கள்தான்.

இந்தக் கடதாசி ஆசைக்கு ஒரு நியாயமும் உண்டு. 1990 ஒக்டோபர் 30 அன்று ஒஸ்மானியாவின் ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறு என்றபோது, யார் சான்றிதழைத் தேடினார்கள்? புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் இருந்துகொண்டு, தாங்கள் படித்ததை நிரூபிக்க ஒரு துண்டுக் கடதாசிக்காக அலைந்தவர்கள் எங்கள் வாப்பாமார். பைலை நெஞ்சோடு அணைக்கிற பழக்கம் அங்கிருந்து வந்தது. அதைப் பகிடி பண்ண எங்களுக்கு மனமில்லை. ஆனால் பறிபோன கடதாசிக்காக அழுத அதே வீடுகளில் இன்று காசு கொடுத்து வாங்கிய கடதாசியைக் கல்வி என்று கொண்டாடுகிறோம். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"அரச நேர்முகத்தில் யார் கொப்பி பார்க்கிறான்?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. பொது நேர்முகப் பரீட்சை பெரும்பாலும் சான்றிதழ் சரிபார்ப்புத்தான், அதற்குப் புள்ளி இல்லை. ஆனால் புள்ளி உள்ள செயன்முறைப் பரீட்சையில் சில நிமிடம் எழுந்து நின்று படிப்பிக்க வேண்டும். தன் பாடக்குறிப்பில் எது பிழைத்தது, ஏன் மாற்றினேன் என்று உட்கார்ந்து யோசித்தவருக்கும் பட்டறைச் சான்றிதழ் சேர்த்தவருக்கும் அங்கே வித்தியாசம் தெரியும். தனியார் பாடசாலைகளிலோ கேள்வியே "என்ன செய்திருக்கிறீர்கள்?" என்பதுதான். அமெரிக்காவில் 1987 இல் உருவான ஆசிரியத் தரத்துக்கான தேசியச் சபை, உயர் சான்றிதழ் கேட்கும் ஆசிரியரிடம் வகுப்பறைக் காணொளியையும் பிள்ளைகளின் வேலைகளையும் அவற்றைப் பற்றி அவரே எழுதியதையும் கேட்கிறது. எங்களிடம் காணொளி வசதி இல்லாவிட்டாலும் கொப்பி இருக்கிறதே!

ஆகவே, மூலப்பிரதிகளைத் தனிப் பைலில் வையுங்கோ, லெமினேட் பண்ணாமல். கேட்டால் மட்டும் கொடுங்கோ. இன்னொரு மெல்லிய பைல் போதும். அதில் ஒரே பிள்ளையின் இரண்டு பக்கங்கள், தவணைத் தொடக்கத்தில் எழுதியதும் முடிவில் எழுதியதும், பெயரை மறைத்துப் போட்டோ கொப்பி எடுத்தது. சிவப்புப் பேனையால் வெட்டித் திருத்திய பாடக்குறிப்பு ஒன்று. அதை வெட்கப்பட்டுச் சுத்தமாகத் திரும்ப எழுத வேண்டாம், அந்த வெட்டுத்தான் உங்கள் வேலை. கையால் செய்த உபகரணம் ஒன்று. பைலைத் தள்ளிவிடாதீர்கள், கையில் வைத்துக்கொண்டு நீங்களே அந்தப் பக்கத்தைத் திறவுங்கோ. "இவன் இப்படி எழுதினான், நான் இதைச் செய்தேன், பிறகு இப்படி எழுதினான்" என்றால் மூன்று நிமிடம் போகாது. கேள்வி அவர்களிடமிருந்து தானாக வரும்.

நேர்முகக் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஒன்று. நீங்களும் ஒரு காலத்தில் சோக்கட்டி பிடித்தவர்கள். சான்றிதழ்களை எண்ணி முடித்த பிறகு ஒரே ஒரு பிள்ளையைப் பற்றிக் கேளுங்கோ. யாரும் கேட்காததால்தானே அந்தக் கொப்பிகள் வீட்டில் கிடக்கின்றன.

வருகிற சனி, அஸருக்குப் பிறகு, அதே விறாந்தை. அந்தத் தங்கச்சி கொப்பியோடு வருகிறேன் என்றிருக்கிறார். மற்றவர்களும் கொண்டு வாங்கோ. பொன்னாடைப் படம் வேண்டாம்.