டிஸ்க் பிரேக் உரசுகிறதா? ஒயரைத் தளர்த்தாதீர்கள்!

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் வாசகர் ஒருவர், மகனுக்கு வாங்கிய டிஸ்க் பிரேக் சைக்கிளில் தினமும் வேலைக்குப் போகிறார். முன் சக்கரம் உரசி, மிதிக்கக் கனக்கிறதாம். “ஒயரைத் தளர்த்தினால் சத்தம் நிற்கிறது, ஆனால் பிரேக் பிடிக்கவில்லை. என்ன செய்வது?” என்று கேட்டிருக்கிறார்.

தளர்த்திய ஒயரைப் பழையபடி இழுத்துக் கட்டுவதே முதல் வேலை. அதுவரை அந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏற வேண்டாம். பிரேக் உரசுவது தொல்லை. பிரேக் பிடிக்காதது உயிருக்கே ஆபத்து.

சாதாரண சைக்கிளில் பிரேக் கட்டை ரிம்மைப் பிடிக்கும். டிஸ்க் பிரேக்கில், சக்கரத்தின் நடுவிலுள்ள உலோகத் தட்டை இரண்டு கட்டைகள் இருபுறமும் கவ்வும். இடைவெளி மிகக் குறைவு என்பதால், சற்று விலகினாலும் உரசும். கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள்.

1. சக்கரம்: சைக்கிளைத் தரையில் நிறுத்தி, அச்சு நட்டைத் தளர்த்தி, சக்கரம் ஃபோர்க்கில் நேராக உட்காரும்படி அழுத்தி, மீண்டும் இறுக்குங்கள்.

2. ஒயர்: உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். அதனால் உறைக்குள் ஒயர் துருப்பிடித்து இறுகும். லீவரை விட்டதும் கட்டை சட்டென விலக வேண்டும். மெதுவாக விலகினால் ஒயரையும் உறையையும் சேர்த்தே மாற்றுங்கள்.

3. காலிப்பர்: சுற்றும்போது உரசல் விடாமல் கேட்டால், காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளையும் அரைச் சுற்று தளர்த்துங்கள். பின்னால் வெள்ளைக் காகிதம் பிடித்து, தட்டின் இருபுறமும் வெளிச்சம் தெரியும்படி நகர்த்தி, மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒயர் வகை பிரேக் பலவற்றில் வெளிக்கட்டை மட்டுமே நகரும். உள்கட்டையை அதன் திருகால், ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளிக்குக் கொண்டு வாருங்கள்.

4. தட்டு: சுற்றுக்கு ஒருமுறை மட்டும் உரசினால் தட்டு வளைந்திருக்கலாம். சுத்தியலால் தட்டாதீர்கள், மெக்கானிக்கிடம் கொடுத்து நிமிர்த்துங்கள்.

சத்தம் நிற்கட்டும் என்று தட்டில் எண்ணெயோ கிரீஸோ தடவவே கூடாது, பிரேக் வழுக்கும். எண்ணெய் ஊறிய கட்டைகளை மாற்றத்தான் வேண்டும். கட்டையின் தேயும் பகுதி 1 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலும் மாற்றிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து, முன் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். லீவர் கைப்பிடியைத் தொடும் முன்பே சக்கரம் நின்றுவிட வேண்டும்.

உப்பளத்திலிருந்து திரும்பியதும் ஒரு குடம் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, துடைத்து, நிழலில் நிறுத்துங்கள். மழைக்காலத்தில் பாத்திகள் நீரில் மூழ்கி, சைக்கிள் சும்மா நிற்கும்போதுதான் துரு ஏறும். அதற்கு முன் ஒருமுறை கழுவி, ஒயரையும் சோதித்துவிட்டால், அடுத்த பருவத்தில் பயமின்றி மிதிக்கலாம்.