பறிபோன உந்துருளிகளும் அழியாத இலக்கங்களும்

பச்சை வண்ணம் பூசிய பழைய பீ.எஸ்.ஏ. ஒன்று கைக்குக் கிடைத்துவிட்டால், "இது மவுண்ட்பேட்டனின் படையில் ஓடிய வண்டி" என்று கதை கட்டி விலையை ஏற்றுகிற தரகர்கள் நம் நாட்டில் உண்டு. நாவுலப் பக்கத்தில் அக்கதை எளிதில் எடுபடும். 1944 ஏப்ரலில் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைக்கு வந்தது. அங்கிருந்து திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குச் செல்லும் சாலை மாத்தளை, நாவுல, தம்புள்ளை வழியே போகிறது. களம் பொருத்தமானதுதான். ஆனால் பொருத்தம் சான்றாகிவிடாது.

சான்று தொழிற்சாலைப் பேரேட்டில் இருக்கிறது. எஞ்சின் இலக்கம், அடிச்சட்ட இலக்கம், வெளியேறிய நாள், யாருக்கு அனுப்பப்பட்டது என்பவற்றை அன்றைய எழுத்தர்கள் மையால் எழுதி வைத்தார்கள். 1940 நவம்பர் 14 இரவு விழுந்த குண்டுகளில் கோவென்ட்ரியின் ட்ரையம்ப் தொழிற்சாலை அழிந்தது. அதே மாதம் பர்மிங்காமின் பீ.எஸ்.ஏ. ஆலையில் 53 தொழிலாளர் மாண்டனர். அத்தனைக்கும் தப்பிய ஏடுகளை 1946-இல் தோன்றிய விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கழகம் பேணி வருகிறது. உரிமையாளர் இலக்கத்தை அனுப்பினால், அவ்வண்டி பிறந்த நாளுக்குச் சான்றிதழ் தருகிறது.

1939 செப்டெம்பரில் போர் மூண்டதும், பிரித்தானிய அரசு பொதுமக்களுக்கென உருவான உந்துருளிகளை ஆலைகளிலிருந்தும் விற்பனையாளரின் கடைகளிலிருந்தும் படைக்கு எடுத்துக்கொண்டது. டன்கர்க்கில் சுமார் 20,000 உந்துருளிகளைக் கைவிட்டு ஓடிவந்த பின்னர், 1940 கோடையில் அந்தப் பசி இன்னும் பெருகிற்று. ஆகவே பேரேட்டில் முகவர் பெயரோடு நிற்கும் வண்டியும் படைக்குப் போயிருக்கலாம். பச்சை வண்ணத்தில் நிற்கும் வண்டி போர்முனையைக் காணாமலே இருந்திருக்கலாம். சாயத்தை எவரும் பூசலாம். படை இலக்கமும் ஒப்பந்த எண்ணும் ஒத்துவராதவரை இராணுவ வண்டி என்று விற்பது வணிகப் பொய்.

பேரேட்டுக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. அது ஆலையின் வாயில்வரைதான் பேசும். அதற்கப்பால் யாரிடமிருந்து யார் எடுத்தார், என்ன ஈடு கொடுத்தார் என்பதை அரசின் ஏடுதான் சொல்லவேண்டும்.

நம் அரசின் ஏடு என்ன சொல்கிறது? நாவுலவை ஊடறுக்கும் அதே ஏ9 வீதி வடக்கே வன்னிக்குப் போகிறது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கரையில் எரிந்தும் எரியாமலும் குவிந்து கிடந்த உந்துருளிகளின் படங்களை உலகமே பார்த்தது. அவற்றின் உரிமையாளர் உடுத்த துணியோடு முகாமுக்குச் சென்றனர். எந்த வண்டி உரியவரிடம் திரும்பியது, எது பழைய இரும்பாயிற்று, எது வேறு கைக்கு மாறியது என்ற முழுக் கணக்கு இன்றுவரை மக்கள் முன் வைக்கப்படவில்லை.

பதிவுப் புத்தகம் இல்லாதவர் உரிமை கோர முடியாது என்பது அதிகாரிகளின் வழக்கமான விடை. ஷெல் விழும் பதுங்குகுழியில் பதிவுப் புத்தகத்தை யார் தேடுவார்? அதன் மூலப் பதிவோ மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் இருக்கிறது. இறக்குமதியாளரின் பட்டியலும் சுங்கத்தின் ஏடும் இருக்கின்றன. இந்தியாவில் உருவாகும் பஜாஜ் வண்டியின் 17 இடங்கள் கொண்ட அடிச்சட்ட இலக்கம் 'எம்.டி.2' என்றே தொடங்கும். உருவான ஆண்டும் அதற்குள்ளேயே பொதிந்திருக்கும். எரிந்த சட்டத்திலும் அடித்த இலக்கம் பெரும்பாலும் எஞ்சும். எண்பது ஆண்டுக்கு முந்தைய வண்டியின் பிறந்தநாளை ஆர்வலர் கழகம் ஒன்று சொல்லும்போது, கணினியும் ஊழியரும் உள்ள ஓர் அரசுக்கு இது இயலாதாம்!

1947-ஆம் ஆண்டின் பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அவசரகால விதிகளின் வழியே உடைமையைக் கைக்கொள்ள அரசுக்கு வழி செய்கிறது. எடுக்கும் அதிகாரம் எழுத்தில் இருக்கையில், எடுத்ததற்குக் கணக்கும் எழுத்தில் இருந்தாக வேண்டும். 2016-இல் தகவலறியும் உரிமைச் சட்டம் வந்தது. 2018-இல் இழப்பீட்டு அலுவலகத்துக்கான சட்டம் நிறைவேறிற்று. வன்னியில் சேகரித்த வாகனங்களின் எஞ்சின், அடிச்சட்ட இலக்கங்களைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டச் செயலகங்களின் சுவரில் ஒட்டட்டும். பெயர் வேண்டாம், இலக்கம் போதும். தன் வண்டியின் இலக்கத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர் அங்கே பலர்.