நீல் துரை சிலை: ஸ்பென்சர் எதிரே நின்றவர் மியூசியத்துக்குப் போனது எப்படி?

சென்னை ஸ்பென்சர் பிளாசா பக்கம் சிக்னலில் சிவப்பு விழுந்தால், போனை எடுத்துப் பார்க்கும் அளவுக்கு நேரம் கிடைக்கும். 1927-இல் அதே இடத்துக்குச் சுத்தியலோடும் கோடரியோடும் சிலர் வந்தார்கள். குறி, மவுண்ட் ரோட்டில் ஸ்பென்சர் எதிரே நின்றிருந்த ஒரு வெண்கலச் சிலை. வந்தவர்கள் கைதானார்கள். அடுத்தடுத்து வேறு தொண்டர்கள் வந்தார்கள், அவர்களும் சிறைக்குப் போனார்கள்.

அந்தச் சிலைக்குரியவர் ஜேம்ஸ் நீல். ஊர்க்காரர்கள் வாயில் 'நீல் துரை'.

யார் இந்த நீல்?

ஸ்காட்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் பியூசிலியர்ஸ் என்ற ஐரோப்பியப் படைப்பிரிவின் தளபதி. 1857-இல் வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தபோது, சென்னையிலிருந்து கப்பலில் கல்கத்தா போய், அங்கிருந்து காசி, அலகாபாத் என்று முன்னேறினார். போகிற வழியெல்லாம் கிராமங்கள் எரிந்தன. விசாரணை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல் மக்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கான்பூரில் ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் 200 பேர் கொல்லப்பட்டது கொடூரம்தான், அதை மறைக்கத் தேவையில்லை. அதற்குப் பழிவாங்கத்தான் நீல் அப்படி நடந்துகொண்டார் என்று பிறகு நியாயம் சொல்லப்பட்டது. ஆனால் தேதி இடிக்கிறது. கான்பூர் படுகொலை ஜூலை 15. அலகாபாத்தில் நீலின் வெறியாட்டம் அதற்கு முந்தைய ஜூன் மாதமே நடந்துவிட்டது! கான்பூருக்குப் போனதும் இன்னும் ஒரு படி மேலே போனார். பிடிபட்டவர்கள் தூக்குமேடைக்குப் போவதற்கு முன் தரையில் காய்ந்திருந்த ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், மறுத்தால் அடித்துச் செய்யவைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். சாதியையும் மதத்தையும் வைத்துச் சாகும் முன் அவமானப்படுத்துவதுதான் அதன் நோக்கம்.

1857 செப்டம்பர் 25 அன்று லக்னோவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சென்னைப் படையை நடத்திப்போனவர் என்பதால் சென்னையில் சிலை வைத்தார்கள். செய்தவர் மேத்யூ நோபிள் என்ற ஆங்கிலேயச் சிற்பி.

போராட்டத்தில் யார் யார்?

திருநெல்வேலி சோமயாஜுலு முன்னின்று நடத்தினார். அப்போது 24 வயதான காமராஜர் இதில் ஈடுபாடு காட்டினார். கடலூர் அஞ்சலை அம்மாள் சிறுமியான தன் மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு வந்து சிறைக்குப் போனார். அந்தச் சிறுமிக்குத்தான் பின்னாளில் காந்தி 'லீலாவதி' என்று பெயர் சூட்டினார். 2024-இல் தமிழக வெற்றிக் கழகத்தின் விக்கிரவாண்டி மாநாட்டில் கட்-அவுட்டாக நின்றாரே, அதே அஞ்சலை அம்மாள்தான். கட்-அவுட்டைப் பார்த்த பலருக்கும் இந்தச் சிலைக் கதை தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

அந்த ஆண்டு சென்னைக்கு வந்த காந்தி கோரிக்கையை ஆதரித்தார். ஆனால் அகிம்சை வழியை விடக்கூடாது என்று வலியுறுத்தினார். அரசு மசியவில்லை. அடுத்த ஆண்டு சைமன் கமிஷன் வந்தது, நாட்டின் கவனம் அந்தப் பக்கம் போனது. சிலை அங்கேயே நின்றது.

1937-இல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்த பிறகுதான் வேலை முடிந்தது. சிலையை உடைக்கவில்லை, உருக்கவில்லை. எழும்பூர் மியூசியத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

மன்றோ மட்டும் ஏன் தப்பினார்?

அதே சாலையில் தீவுத்திடலுக்குப் போனால் தாமஸ் மன்றோ இன்றும் குதிரைமேல் இருக்கிறார். அவரும் கம்பெனி ஆள்தான். 1820 முதல் 1827 வரை சென்னை கவர்னர். வெள்ளைக்காரர் என்பதுதான் பிரச்னை என்றால் அவர்மீதும் கோடரி விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. ரயத்துவாரி வரி முறையால் அறியப்பட்டவர் மன்றோ. அந்த முறையிலும் குறை உண்டு, விவசாயியைக் கசக்கிய வரி அது என்று வாதிடலாம், வாதிட்டும் இருக்கிறார்கள். நீல் விஷயத்தில் அப்படி வாதிட ஒன்றுமே இல்லை. அவர் செய்த கொலைகளுக்காகவே பீடத்தில் ஏற்றப்பட்டவர்.

மன்றோவையும் தூக்க வேண்டும் என்ற குரல் அவ்வப்போது எழுகிறது. சிலை அரசியல் சூடாகும்போதெல்லாம் 'எல்லாத்தையும் எடு' என்று ஒரு கோஷ்டி, 'வரலாற்றை அழிக்காதே' என்று இன்னொரு கோஷ்டி. 1937-இல் எடுத்த முடிவு இரண்டிலும் சேராது. ஊரின் முக்கியச் சந்திப்பில் நிற்கும் மரியாதை நீலுக்குக் கிடையாது என்றார்கள், அதேநேரம் சிலை என்ற சான்றையும் காப்பாற்றினார்கள். ஆத்திரத்தில் உடைத்திருந்தால் நீல் யார், அவரை இங்கே யார் கொண்டாடினார்கள் என்று காட்ட இன்று கையில் எதுவும் இருந்திருக்காது. கொஞ்சம் பொறுமையான முடிவு, ஆனால் சரியான முடிவு. மியூசியம் செய்ய வேண்டிய மிச்ச வேலை, அலகாபாத்தையும் அஞ்சலை அம்மாளையும் சேர்த்துச் சிலையின் முழுக் கதையையும் பார்வையாளருக்குச் சொல்வது.

இன்னொரு ட்விஸ்ட்டும் உண்டு. போராட்டத்தில் ஈடுபட்ட காமராஜருக்கு அதே மவுண்ட் ரோட்டில் சிலை வந்தது. 1961-இல், அவர் முதல்வராக இருக்கும்போதே, நேரு வந்து திறந்துவைத்தார்.

நீலின் பெயர் மட்டும் வேறொரு இடத்தில் ரொம்ப காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தமானில் ஒரு தீவுக்கு அவர் பெயர்தான். 2018 டிசம்பரில் அது 'ஷஹீத் த்வீப்', அதாவது தியாகிகள் தீவு என்று மாற்றப்பட்டது. ஹனிமூன் பேக்கேஜ் தேடுபவர்கள் பலர் இன்னமும் 'நீல் ஐலேண்ட்' என்றுதான் டைப் செய்கிறார்கள்.