கேட்பவரும் கொடுப்பவரும்

தர்மப் பணத்தைப் பற்றி எழுத வேண்டுமென்றால் திருடர்களைப் பற்றி எழுதுவதுதான் சுலபம். கதைக்கு வில்லன் கிடைத்துவிடுகிறான். யார்மேல் கோபப்படுவது என்று வாசகர்களும் தவிக்க வேண்டியதில்லை. நான் எடுத்துக்கொண்ட விவகாரத்தில் திருடன் இல்லை. யாரும் காலணா தின்றார்கள் என்பது என் கட்சியும் அல்ல. அப்படியும் இதில் வழக்காடியே தீர வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே நடுக்கடலில் ஷெட்லாந்து என்று ஒரு தீவுக் கூட்டம். ஜனத்தொகை மொத்தமே சுமார் 23,000. மீனையும் ஆட்டையும் கம்பளி நூலையும் நம்பிக் காலம் தள்ளிவந்த அந்த ஜனங்களின் வாசலில் 1970-களில் வடகடல் எண்ணெய் வந்து நின்றது. சல்லம் வோ என்னும் கடற்கழியில் பெரிய எண்ணெய்த் துறை எழுந்தது. அவ்வூர்க் கவுன்சில் சாமர்த்தியமான கவுன்சில். அதை மனதாரப் பாராட்டுகிறேன். 1974-இல் பார்லிமெண்டில் தனிச் சட்டமே செய்வித்துக்கொண்டது. தீவின் அமைதி கெடுவதற்கு ஈடாகக் கம்பெனிகள் பணம் கட்ட வேண்டும் என்று பேசி முடித்தது. அந்தப் பணத்தை வைத்துப் பரிபாலிக்க 1976-இல் ஒரு தர்ம டிரஸ்ட் ஏற்பட்டது. 2000 வரையில் வந்து சேர்ந்தது சுமார் 8 கோடிப் பவுன். லண்டன் சர்க்கார் தன் எண்ணெய் வருமானத்தை அன்றாடச் செலவில் கரைத்துக்கொண்டிருந்த காலத்தில், இந்தத் தீவுக்காரர்கள் முந்தானையில் முடிந்துவைத்தார்கள். நீச்சல் குளம், முதியோர் பராமரிப்பு இல்லம், சங்கீதம், கலை, வயோதிகர்களுக்குக் கிறிஸ்துமஸ் இனாம் என்று அதிலிருந்து செய்யாத காரியம் இல்லை.

நிற்க. அந்த டிரஸ்டுக்குத் தர்மகர்த்தாக்கள் யார்? கவுன்சிலர்களேதான்! 22 கவுன்சிலர்களும் ஒருவர் பாக்கியில்லாமல் தர்மகர்த்தாக்கள். ஒப்புக்கு வெளியார் இருவர்: அரச பிரதிநிதியான லார்ட் லெப்டினண்ட் ஒருவர், ஆண்டர்சன் உயர்தரப் பள்ளியின் தலைமையாசிரியர் ஒருவர்.

இதில் என்ன தவறு, ஊர்ப் பெரியவர்கள் ஊர்ப் பணத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நல்லவர்கள் கேட்பார்கள். சினிமாவில் இரட்டை வேஷம் போடும் நடிகர் இரண்டு பாத்திரமும் ஒரே காட்சியில் வரும்போது படாத பாடு படுவார். இங்கே எல்லாக் காட்சியும் அந்தக் காட்சிதான். முதியோர் இல்லங்களை நடத்துவது கவுன்சில். அதற்குப் பணம் கொடுப்பது டிரஸ்ட். கவுன்சிலின் கணக்கில் துண்டு விழுந்தால் அது டிரஸ்டைக் கேட்கும். கேட்கிறவர் யாரோ அவரே மறுநாள் கோட்டை மாற்றாமலே வந்து கொடுக்கிறார். இல்லை என்று சொல்ல அங்கே ஆள் ஏது? மறுக்க வேண்டிய சமயத்தில் மறுப்பதற்குத்தானே தர்மகர்த்தா என்று ஒருவரை வைக்கிறோம்?

பிறகு காற்றாலை வந்தது. வைகிங் என்ற பெரிய காற்றாலைத் திட்டத்தில் டிரஸ்ட் பங்காளி. அதே திட்டம் ஊருக்கு ஆகுமா ஆகாதா என்று அபிப்பிராயம் சொல்ல வேண்டியது கவுன்சில். தீவே இரண்டுபட்டு நின்ற விஷயம் அது. 2012-இல் ஸ்காட்லாந்து மந்திரிகள் 103 காற்றாலைகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். கவுன்சிலர்கள் எவ்வளவு நேர்மையாக யோசித்துத் தங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லியிருந்தாலும், எதிர்த்தவன் அதை எப்படி நம்புவான்? கணக்குத் தணிக்கையாளர்களும் விடவில்லை. டிரஸ்டின் கணக்கைக் கவுன்சிலின் கணக்கோடு சேர்த்துக் காட்டவில்லை என்று வருஷா வருஷம் ஆட்சேபித்தார்கள். இரண்டும் வேறு என்றது கவுன்சில். வேறென்றால் ஆட்கள் ஏன் ஒன்று?

2005-இல் வந்த ஸ்காட்லாந்துத் தர்ம ஸ்தாபனச் சட்டம், தர்மகர்த்தாவின் விசுவாசம் தர்மத்துக்கே முதலில் என்கிறது. தர்ம ஸ்தாபனங்களைக் கண்காணிக்கும் அதிகாரிகள் நெருக்கினார்கள். 2012-இல் தர்மகர்த்தாக்கள் 15 பேர் என்றும், அவர்களில் கவுன்சிலர்கள் 7 பேர்தான் என்றும் ஆயிற்று. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அந்த ஏழு நாற்காலிகளும் போயின. சரியான காரியம். கவுன்சிலுக்காகக் கண்ணீர் விடுபவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

என் சண்டை அதற்குப் பின்னால் நடந்ததைப் பற்றி. காலியான நாற்காலிகளில் யாரை உட்காரவைப்பது? விண்ணப்பம் வாங்குகிறார்கள், தேர்வுக் குழு பேட்டி காண்கிறது, தகுதி பார்த்து நியமனம் ஆகிறது. பாங்கி ஏஜெண்டு உத்தியோகத்துக்கு இது உத்தமமான முறை! பணத்துக்குச் சொந்தக்காரர்களான 23,000 பேருக்கு இதில் வோட்டு இல்லை. பழைய ஏற்பாட்டில் ஒரு கவுன்சிலர்மேல் கோபம் வந்தால் அடுத்த தேர்தலில் அவரை வீட்டுக்கு அனுப்பலாம். சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போட்ட வோட்டில் தர்மகர்த்தாவும் ஒட்டிக்கொண்டு வந்தது கோணல்தான். ஆனாலும் வோட்டு என்று ஒன்று இருந்தது. கோணலை நிமிர்த்துகிறேன் என்று அதையும் வெட்டி எறிந்துவிட்டார்கள்.

தர்மகர்த்தாக்களை நேரே தேர்ந்தெடுக்க விடுங்கள் என்று தீவில் பலர் அப்போதே கேட்டார்கள். தேர்தல் வைத்தால் முதலையே கரைத்து இனாம் கொடுக்கிறேன் என்பவன் ஜெயித்துவிடுவான் என்று பயம் காட்டுகிறார்கள். முதலில் கை வைக்கக்கூடாது என்று டிரஸ்டின் விதிகளில் எழுதிவிட்டால் போகிறது. இவ்வளவு பணத்தை இத்தனை வருஷம் கட்டிக் காத்தவர்கள் யார்? வோட்டு வாங்கி வந்தவர்கள்தானே! சட்டம் குறுக்கே நிற்கிறது என்பதும் பேச்சுக்குச் சரி. ஸ்காட்லாந்தில் எத்தனையோ தர்ம ஸ்தாபனங்களில் அங்கத்தினர்கள் கூடி வோட்டுப் போட்டுத்தான் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

செலவு ஆகுமாம். ஃபூலா போன்ற சின்னஞ்சிறு தீவில் குடியிருப்பவனுக்கும் கவுன்சில் தேர்தலில் வோட்டு உண்டு. அலையையும் காற்றையும் தாண்டி அந்தச் சீட்டு லெர்விக் நகரத்துக்கு வந்து எண்ணப்படுகிறது. அதே நாளில், அதே பெட்டியில், வேறு நிறத்தில் இன்னொரு சீட்டும் போட்டு அனுப்பினால் படகுக்காரன் கூலி கூடவா கேட்கப்போகிறான்?