‘30 நாளில் சைஸ் கூடுமா?’ ஆண்களுக்கான பயிற்சிகளில் எது நிஜம், எது உடான்ஸ்?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நைட் ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் ரூமுக்குத் திரும்பும் இளைஞர்களின் போனில் அடிக்கடி வந்து விழும் ரீல்ஸ் இது: ‘இந்தப் பயிற்சியை 30 நாள் செய்யுங்க, சைஸ் கூடும்!’ ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்ட் சுவரில் ‘பரம்பரை வைத்தியர்’ ஒட்டிய போஸ்டர்தான் இப்போது போனுக்குள் வந்திருக்கிறது. சந்தேகத்தை ரூம்மேட்டிடம் கேட்டால் கிண்டல். அதனால் பலரும் ரீல்ஸையே நம்பிவிடுகிறார்கள்.

இழுத்து உருவும் ‘ஜெல்கிங்’ பலன் தரும் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை. முரட்டுத்தனமாகச் செய்தால் வலி, ரத்தக்கட்டு, உள்ளே தழும்பு, வளைவு வரை போகலாம். இதில் ‘சரியான டெக்னிக்’ என்று ஒன்று கிடையாது. பல நாடுகளில் 15,000-க்கும் அதிகமான ஆண்களை அளந்த விவரங்களைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வெளியானது. விறைப்பு நிலையில் சராசரி நீளம் சுமார் 13 செ.மீ. என்கிறது அது. ஆபாசப் படத்தோடு ஒப்பிட்டுக் கவலைப்படுபவர்களில் பெரும்பாலானோருக்குக் குறையே இல்லை.

அப்படியானால் எந்தப் பயிற்சியும் வேஸ்ட்டா? இல்லை. இடுப்படித் தசைகளுக்கான ‘கெகல்’ பயிற்சி நிஜமானது. 1948-ல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல், பிரசவமான பெண்களின் சிறுநீர்க் கசிவுக்காக இதை எழுதினார். ஆண்களுக்கும் இது உதவுகிறது. விறைப்புக் குறைபாடுள்ள 55 ஆண்களிடம் பிரிட்டனில் நடந்து, 2005-ல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தில் 40% பேர் இயல்புநிலைக்குத் திரும்பினர். ஆனால் சுமார் கால்வாசிப் பேருக்குப் பலன் இல்லை. சைஸும் இதனால் கூடாது.

செய்முறை எளிது. வாயுவை அடக்கும்போதும், சிறுநீரைப் பாதியில் நிறுத்தும்போதும் இறுகும் தசைதான் இலக்கு. முதலில் படுத்துக்கொண்டு, அதை 3 விநாடி இறுக்கி, 3 விநாடி தளர்த்த வேண்டும். இப்படி 10 முதல் 15 முறை, தினம் மூன்று வேளை. பழகியபின் உட்கார்ந்தும் நின்றும் செய்யலாம், பஸ் சீட்டில்கூட! மூச்சை அடக்குவது, வயிறு, தொடை, பிட்டத்தை இறுக்குவது தவறு. சிறுநீர் கழிக்கும்போதே தினமும் செய்வதும் கூடாது. பலன் தெரிய சில மாதங்கள் ஆகும்.

சீக்கிரம் பலன் வேண்டுமென்று நாள் முழுக்க இறுக்குவதும் ஆபத்து. அளவுக்கு மீறி டைட் செய்தால் போல்ட்டின் மரை போய்விடும் என்பது அசெம்ப்ளி லைனில் நிற்பவருக்குத் தெரியாததா? தசையும் அப்படித்தான், ஓய்வில்லாவிட்டால் வலிதான் மிஞ்சும்.

பிரச்சினை வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரைப் பார்ப்பதே புத்திசாலித்தனம். விறைப்புக் குறைபாடு சில சமயம் சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு, இதய நோயின் முன்னறிவிப்பு. தூக்கக்கேடும் மன அழுத்தமும் காரணமாகலாம். லேகியம் வாங்கிச் சாப்பிட்டுக் காலம் கடத்தினால், உண்மையான நோய் உள்ளேயே வளரும்.

பாலுறவுத் திறனைக் கூட்டுவதாகச் சொல்லி மருந்தை விளம்பரம் செய்வதை, 1954-ம் ஆண்டின் மாய மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை. ஆனாலும் ரீல்ஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருப்பதைவிட, கேட்பதற்கு ஓர் ஆள் இருப்பது முக்கியம். ஹெல்மெட், ஷூ, கிளவுஸ் பற்றி மணிக்கணக்கில் பாடம் எடுக்கும் தொழிற்சாலைகள், மருத்துவ முகாமில் இதற்கும் அரை மணி நேரம் ஒதுக்கலாமே? அதுவரை இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் கேட்கலாம், அரசின் 104 உதவி எண்ணையும் அழைக்கலாம். கூச்சம் ஐந்து நிமிஷத்தில் போய்விடும்; தவறான பயிற்சியால் வரும் காயம் அவ்வளவு சீக்கிரம் ஆறாது.