ஆற்று மீனுக்கு உப்புத் தண்ணீரா?

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு, தென்காசி வழியாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. அந்தத் தண்ணீர் புன்னைக்காயலில் கடலைச் சேருகிறது. ஆனால் அதில் துள்ளும் கெண்டை கடலுக்குள் போனால் பிழைக்காது! ஏன் தெரியுமா?

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. கெண்டையின் உடம்பு நீரில் அதில் மூன்றில் ஒரு பங்கு உப்புத்தான் உண்டு. எலுமிச்சங்காயில் உப்புப் போட்டால் சாறு வெளியே வருகிறதல்லவா? அதுபோல, கடல் நீர் மீனின் உடம்பிலுள்ள தண்ணீரை இழுத்துவிடும். தண்ணீருக்குள்ளேயே மீன் வறண்டு சாகும்!

கடல் மீன் அப்படி அல்ல. அது கடல் நீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றிவிடும். விலாங்கு ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகும். எல்லா மீனுக்கும் அந்தத் திறமை கிடையாது. கடையில் விற்கும் தங்க மீனும் கெண்டையின் உறவுதான்.

ஆகவே பெற்றோர்களே! அழகாக இருக்கிறது என்று, தங்க மீனைக் கடல் மீன் தொட்டியில் விடாதீர்கள். வாங்கும்போதே, "இது எந்தத் தண்ணீர் மீன்?" என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கும் கேட்கக் கற்றுக்கொடுங்கள். வாயில்லா ஜீவன் தன் கஷ்டத்தைச் சொல்லாது. வளர்ப்பவர்தான் அறிந்து நடக்க வேண்டும்.